நான் கொடுத்த வழியில் போனவர்கள்

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றேகால். வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. சைக்கிள் தலைகீழாக நிற்கிறது, பின்சக்கரம் கழற்றப்பட்டுப் பக்கத்தில் கிடக்கிறது, சுற்றிலும் ஜல்லி. கீழே ஒரே வரி: "தம்பி, நீங்க சொன்ன ரோடு இதுதானா?"

நான் சொன்ன ரோடுதான்.

இரண்டு நாள் முன்னால் எங்கள் சைக்கிள் குழுவில் "ஞாயிறு எங்கே போகலாம்?" என்று பேச்சு வந்தது. எனக்கு அன்றைக்கு வேறு வேலை. வர முடியாத குற்ற உணர்ச்சியோ என்னவோ, என்னுடைய செல்லமான சுற்று ஒன்றைத் தூக்கிக் கொடுத்தேன். வரைபடத்தின் ஸ்கிரீன்ஷாட் ஒன்று. கூடவே நான் எழுதியது: "42 கி.மீ., சூப்பர் ரோடு, டிராஃபிக்கே இருக்காது, கண்ணை மூடிட்டுப் போகலாம்." நாலு பேர் கிளம்பினார்கள். அதில் ஒருவர், குழுவில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவர், ஐம்பது வயது தாண்டி, மூன்று மாதம் முன்புதான் தார் ரோட்டுக்கென்றே உள்ள ரோடு பைக் சைக்கிள் வாங்கியிருந்தார். 25 மில்லிமீட்டர் அகலம்தான், மெல்லிய டயர்.

அந்தச் சுற்றில் 19ஆவது கிலோமீட்டரிலிருந்து 22 வரை தார் கிடையாது. எனக்குத் தெரியாதா என்ன? நூறு தடவையாவது அதில் போயிருப்பேன். ஆனால் என் டயர் 38 மில்லிமீட்டர், காற்றும் குறைவாகத்தான் வைப்பேன். அந்த மூன்று கிலோமீட்டர் எனக்கு ஹேண்டில்பாரில் ஒரு சின்ன அதிர்வு, அவ்வளவுதான். என் மனதுக்குள் இருந்த வரைபடத்தில் அது "ரோடு" என்றே பதிந்துவிட்டது.

அக்காவுக்கு இரண்டு பஞ்சர். கையில் இருந்தது ஒரு டியூப். இரண்டாவது பஞ்சருக்கு இன்னொருவர் தன் டியூபைக் கொடுத்திருக்கிறார். அதில் கார் டயருக்கு வருகிற மாதிரித் தடித்த வால்வு. அக்காவின் ரிம்மில் மெல்லிய வால்வுக்கான துளை. நுழையவே இல்லை. பேட்ச் ஒட்டலாம் என்று பசையை எடுத்தால், போன வருடம் திறந்த டியூப், உள்ளே காய்ந்து கட்டியாகக் கிடந்தது. நாலு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு அவர்கள் புறப்பட்டது எட்டு மணிக்கு, அதுவும் சுற்றை நான் ஓட்டுகிற திசைக்கு எதிராக. "டிராஃபிக்கே இருக்காது" என்று நான் சொன்னதும் காலை ஐந்தரை மணிக்கு நூற்றுக்கு நூறு உண்மைதான்.

நான் பொய் எதுவும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. சொன்ன ஒவ்வொரு வார்த்தையும், என் டயருக்கும் என் காலுக்கும் என் ஐந்தரை மணிக்கும் சரி.

அடுத்த வாரம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அக்கா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "இந்த ஞாயிறு அதே ரூட்ல போவோம். நீங்க முன்னாடி போகக் கூடாது, பின்னாடி வாங்க. வாயும் திறக்கக் கூடாது. உங்க வழி எனக்குப் புரியுதான்னு பார்க்கலாம்" என்றார். அவர் டயரையும் 28க்கு மாற்றியிருந்தார். இரண்டு டியூப், புதுப் பசை.

அந்த இரண்டரை மணி நேரத்தில் நான் கற்றது, அதற்கு முந்தைய ஏழு வருடத்தில் கற்காதது. நான்காவது கிலோமீட்டரில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். அக்கா நேராகப் போய்விட்டார். பின்னால் இருந்து பார்த்தபோதுதான் தெரிகிறது: அந்தத் திருப்பம், வருகிறவர் கண்ணில் படவே படாது. சுவர் ஒன்று மறைக்கிறது. நான் சுவரைப் பார்த்துத் திரும்புவதில்லை, அதற்கு முன்னால் ஒரு மின்கம்பம் சாய்ந்து நிற்கும், அதைக் கண்டதும் கை தானாக பிரேக்குக்குப் போகும். இது எனக்கே அன்றுதான் தெரியும்.

பதினோராவது கிலோமீட்டரில் ஒரு சின்னப் பாலம். பாலத்துக்கு இருபது மீட்டர் முன்னால், நான் என்னை அறியாமல் தோளைத் திருப்பிப் பின்னால் பார்த்துவிட்டு, ரோட்டின் நடுவுக்கு வந்துவிட்டேன். அக்கா ஓரமாகவே போனார். தடால் என்று ஒரு சத்தம். பாலமும் ரோடும் சேரும் இடத்தில், ஓரத்தில் மட்டும், நாலு விரல் உயரத்துக்கு ஒரு படி. விழவில்லை, ஆனால் பாட்டில் எகிறிப் போய்ப் புல்லில் விழுந்தது. அவர் நின்று, திரும்பி, என்னைப் பார்த்தார். வாய் திறக்கக் கூடாது என்று சொன்னவர் அவர்தான். இருந்தாலும் அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன்.

வழியை நன்றாகத் தெரிந்தவன்தான் வழி சொல்வதற்கு லாயக்கில்லாதவன் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது. பழகிய ரோட்டில் பள்ளம் எங்கே என்பதை மூளை நினைவில் வைப்பதில்லை. அது இடுப்பிலும் கையிலும் இறங்கிவிடுகிறது. கேட்டால் வாயில் வராது. அதனால் இப்போதெல்லாம் ஒரு சுற்றை யாருக்காவது கொடுப்பதற்கு முன்னால், புதிதாக ஒருவரை முன்னே விட்டுப் பின்னால் ஒரு தடவை போகிறேன். ஆள் கிடைக்காவிட்டால், போன் ரெக்கார்டரைச் சட்டைப் பையில் ஓடவிட்டு, நான் செய்வதையெல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டே ஓட்டுகிறேன்: "இப்போ நடுவுக்கு வர்றேன், ஏன்னா ஓரம் உடைஞ்சிருக்கு." பார்ப்பவர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். பரவாயில்லை.

திசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை. சுற்றுப் பாதை என்றால் எந்தப் பக்கமும் ஓட்டலாம் என்று நினைக்கிறோம். வரைபடத்தில் ஒரே கோடு, மிதித்துப் பார்த்தால் இரண்டு வழி. வாகனங்கள் சாலையின் இடப்பக்கம் போகும் நாடுகளில் சுற்றை இடஞ்சுழியாக ஓட்டினால் பெரும்பாலான திருப்பங்கள் இடப்பக்கமே வரும், எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. வலப்பக்கம் போகும் நாடுகளில் இதுவே வலஞ்சுழி. புதியவர்கள் உள்ள குழுவுக்கு இந்த ஒன்றை மட்டும் மாற்றினாலே பாதிப் பயம் போய்விடும்.

அடுத்தது இறக்கம். என் சுற்றில் ஒரு குன்று உண்டு. செங்குத்தான பக்கத்தில் ஏறி, சாய்வான பக்கத்தில் இறங்குவது என் வழக்கம். செங்குத்தான பக்கத்தின் அடியில் ஒரு வளைவு, வளைவில் எப்போதும் மணல். ஏறும்போது அங்கே நான் ஆமை வேகத்தில் தொடங்குவதால் மணல் ஒரு பொருட்டே இல்லை. எதிர்த்திசையில் வந்த அந்த நாலு பேரும் மேலிருந்து அதே வளைவுக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து சேர்ந்திருக்கிறார்கள். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் நாலு மடங்காகும். அவர்கள் யாரும் விழாமல் வந்தது என் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன். அவர்களுடையதும்தான்.

வெயிலும் இதில் சேரும். அதிகாலைச் சூரியனை நோக்கி ஓட்டும்போது நமக்குக் கண் கூசுகிறது என்பது சின்ன விஷயம். நமக்குப் பின்னால் வருகிற லாரிக்காரருக்கும் கூசுகிறது, அவர் கண்ணுக்கு நாம் இல்லவே இல்லை. அதனால் என் சுற்றில் விடிவதற்கு முன் கிழக்கே போகிறோம், விளக்கு எரியவிட்டு. விடிந்த பிறகு மேற்கே திரும்புகிறோம். சுற்றின் திசையை மாற்றினால் இது தலைகீழாகும்.

அப்புறம் காற்று. போய்த் திரும்புகிற பாதைகளில், "போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று, ரெண்டும் சரியாப் போயிடும்" என்று சொல்வார்கள். சரியாகப் போகாது. 20 கிலோமீட்டரை மணிக்கு 15 வேகத்தில் போனால் 80 நிமிடம். திரும்பும்போது 30 வேகத்தில் பறந்து வந்தாலும் 40 நிமிடம் ஆகிவிடும். மொத்தம் இரண்டு மணி நேரம், சராசரி 20. எதிர்காற்றில் செலவழிக்கும் நேரமே அதிகம் என்பதால் இழந்ததைப் பின்காற்று முழுதாகத் திருப்பித் தருவதில்லை. போதாததற்குக் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும். எதிர்காற்றில் வேகத்தைக் கொஞ்சம் கூட்ட நினைத்தாலும் கால் அதற்கு நிறையக் கொடுக்க வேண்டும். எனவே கால் புதிதாக இருக்கும்போதே எதிர்காற்றை முடித்துவிடுகிற மாதிரி பாதையை அமைத்துக் கொடுப்பதுதான் நல்லது. கடலோரப் பாதை என்றால் கிளம்பும்போது அடிக்கிற காற்றை மட்டும் நம்ப வேண்டாம். வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, கடலிலிருந்து காற்று உள்ளே வரும். காலை ஆறு மணிக்குச் சாதுவாக இருந்த ரோடு பத்து மணிக்கு வேறு முகம் காட்டும்.

ஏற்றத்தைப் பற்றி எண்ணில் சொன்னால் போதும் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். "4 கி.மீ., 200 மீட்டர் ஏற்றம், சராசரி 5 சதவீதம்." கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! என் குன்றின் கணக்கு உண்மையில் இப்படி: முதல் 400 மீட்டர் 13 சதவீதம், அதற்கப்புறம் சுமார் இரண்டரைக் கிலோமீட்டர் 5, 6 சதவீதம், நடுவில் ஒரு கிலோமீட்டர் சமதளம். சராசரி என்னவோ 5தான். ஆனால் அதே வேகத்தில் ஏற, 5 சதவீதத்தில் எடையைத் தூக்குவதற்கு எவ்வளவு சக்தி தேவையோ, அதைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் 13 சதவீதத்தில் தேவை. அந்த 400 மீட்டரில்தான் புதியவர்கள் இறங்கித் தள்ளுகிறார்கள். சராசரியைப் பார்த்து வந்தவர், "நமக்கு உடம்பில் தெம்பில்லை" என்று முடிவு கட்டிக்கொண்டு வீடு திரும்புகிறார். பாவம், தப்பு அவர் உடம்பில் இல்லை.

மொத்த ஏற்றம் என்று செயலிகள் காட்டும் எண்ணையும் நான் இப்போது அவ்வளவாக மதிப்பதில்லை. ஒரே சுற்றுக்கு என் கருவி 450 மீட்டர் காட்டியது, நண்பர் ஒருவருடைய செயலி 610. யார் ஏமாற்றுகிறார்கள் என்று அரை மணி நேரம் சண்டை. பிறகு தோண்டிப் பார்த்ததில், இரண்டும் அளந்த விதம் வேறு. என்னுடையது காற்றழுத்தத்தை வைத்து உயரம் கணக்கிடுகிறது, வானிலை மாறினால் அதுவும் தடுமாறும். பல செயலிகளோ கோட்டை எடுத்து ஒரு உயர வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்கின்றன. அப்படிப்பட்ட வரைபடங்களில் முக்கியமான ஒன்று 2000 பிப்ரவரியில் விண்கலம் ஒன்று 11 நாள் பூமியைச் சுற்றி ரேடார் மூலம் எடுத்தது. அதில் ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. மலைச்சரிவை வெட்டிப் போட்ட ரோடு என்றால், பக்கத்துப் புள்ளி மேலே பாறையிலும் இருக்கலாம், கீழே பள்ளத்திலும் இருக்கலாம். செயலி நம்மைப் பாறைக்கும் பள்ளத்துக்கும் மாறி மாறி ஏற்றி இறக்கி ஏற்றத்தைக் கூட்டிவிடும். பாலத்தின் மேல் போனாலும் ஆற்றுக்குள் இறங்கி ஏறியதாகக் கணக்கு எழுதும்.

எனவே நான் இப்போது எழுதுவது: "குன்றின் முதல் 400 மீட்டர் மிகச் சின்ன கியர். பேச்சு நின்றுவிடும். மஞ்சள் பலகை வரை தாக்குப்பிடித்தால் அதற்குப் பிறகு பேசிக்கொண்டே ஏறலாம்." இதற்கு எந்த செயலியும் தேவையில்லை.

கோப்பு விஷயத்துக்கு வருகிறேன். ஸ்கிரீன்ஷாட் கொடுத்துப் பட்ட பாட்டுக்கு அப்புறம், தொழில்நுட்பமாக மாறுவோம் என்று பாதையைப் புள்ளிகளாகச் சேமித்துவைக்கும் ஜிபிஎக்ஸ் கோப்பு அனுப்பத் தொடங்கினேன். அதிலும் உதை விழுந்தது. நண்பர் ஒருவர், என்னைவிடச் சின்னவர், கோப்பைத் தன் கருவியில் ஏற்றிக்கொண்டு போனவர் போன் பண்ணினார். பின்னால் ஹாரன் சத்தம். "அண்ணா, என்னை லாரிக்கு நடுவுல விட்டுட்டீங்களே!"

ஜிபிஎக்ஸ் என்பது 2002இல் வந்த வடிவம், இன்றும் பெரும்பாலும் எல்லோரும் பயன்படுத்துவது 2004இல் வந்த 1.1 பதிப்பு. அதற்குள் மூன்று விதமான சங்கதிகள் இருக்கலாம்: தனிப்புள்ளி, ரூட், டிராக். ரூட் என்றால் "இந்தப் புள்ளிக்குப் போ, அப்புறம் அந்தப் புள்ளிக்குப் போ" என்பது. நடுவில் எப்படிப் போவது என்பதைப் பல கருவிகள் தாங்களே முடிவு செய்துகொள்ளும். டிராக் என்றால் போன தடம், அடிக்கு அடி. நான் கணினியில் உட்கார்ந்து பன்னிரண்டு புள்ளி வைத்து அனுப்பியது ரூட். ஆறு கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த இரண்டு புள்ளிகளை நண்பரின் கருவி நெடுஞ்சாலை வழியாக இணைத்துவிட்டது. அதன் பார்வையில் அதுதான் குறுக்குவழி. அதிலிருந்து டிராக் மட்டும்தான் அனுப்புகிறேன், அதுவும் நானே ஓட்டிப் பதிவு செய்தது. ஒரு நொடிக்கு ஒரு புள்ளி என்றால் மூன்று மணி நேரத்துக்குப் பத்தாயிரத்து எண்ணூறு புள்ளி சேரும். சில பழைய கருவிகள் ஒரு வரம்புக்கு மேல் உள்ளதை வெட்டிவிடும், பாதை பாதியில் அந்தரத்தில் நிற்கும். எனவே புள்ளிகளைக் குறைத்துச் சுருக்கி அனுப்புவது உத்தமம். எட்டு வடிவத்தில் தன்னையே வெட்டிக்கொள்ளும் பாதை என்றால் இரண்டு கோப்பாகப் பிரித்துவிடுவேன். நடுச் சந்திப்பில் கருவி எந்தக் கிளையில் போவது என்று குழம்பிப் பாதிச் சுற்றை விழுங்கிவிடும்.

பதிவு செய்த டிராக்கில் இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு போகும். எங்கிருந்து கிளம்பினோம், எத்தனை மணிக்கு, எப்போது திரும்பினோம் எல்லாம் அதில் உண்டு. 2017 நவம்பரில், ஓட்டத்தையும் சைக்கிள் பயணத்தையும் பதிவு செய்யும் செயலியான ஸ்ட்ராவா, தன் பயனர்கள் ஓடிய, ஓட்டிய தடங்களை எல்லாம் திரட்டி உலக வரைபடம் ஒன்றை வெளியிட்டது. யார் பெயரும் இல்லை, வெறும் ஒளிக்கோடுகள். 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அதைக் கூர்ந்து பார்த்து, ஆள் நடமாட்டமே இல்லாத இடங்களில் தெரிந்த கோடுகள் ராணுவ முகாம்களைக் காட்டிக்கொடுப்பதைச் சுட்டிக்காட்டினார். வீரர்கள் உடற்பயிற்சிக்கு ஓடியதுதான். நம் வீடு ராணுவ முகாம் இல்லை, ஆனாலும் விலை கூடிய சைக்கிள் எந்தக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது, அந்தக் கதவு எந்த நேரத்தில் பூட்டியிருக்கும் என்பதை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் கோப்புகள் எல்லாம் வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, ஒரு பூங்கா வாசலில் தொடங்கும். நேரக் குறிப்புகளையும் அழித்துவிடுகிறேன். அக்காவின் வீட்டு வாசலில் முடிந்த ஒரு பாதையை ஒரு தடவை அப்படியே அனுப்பிவிட்டு, அவர் சொல்லித்தான் எடுத்தேன். நம் வீட்டைப் பற்றி இருக்கும் கவனம் அடுத்தவர் வீட்டில் இருப்பதில்லை.

கோப்பு இருந்தாலும் எழுத்தில் ஒரு குறிப்பு வேண்டும். பேட்டரி தீரும், மழையில் தொடுதிரை வேலை செய்யாது. பிரெவே என்னும் நேர வரம்புள்ள நெடுந்தூரப் பயணம் ஓட்டுகிறவர்கள், 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டியவர்கள், தாளில் அச்சடித்த வழிக்குறிப்பை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். தொடக்கத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர், எந்தப் பக்கம், என்ன அடையாளம். அதற்கு மேல் ஒரு சொல் இருக்காது.

பெல்ஜியத்தின் லிம்பர்க் பகுதியில் 1995இல் தொடங்கிய ஒரு முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சைக்கிள் பாதைகள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் வைத்துப் பலகை நட்டார்கள். யோசனை சொன்னவர் சுரங்கத்தில் பொறியாளராக இருந்த ஹ்யூகோ போலன். பிறகு அது நெதர்லாந்துக்கும் பரவியது. "12, 47, 33, 8" என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும், வழி முழுவதும் அதில் அடங்கும். நம் ரோட்டில் எண் பலகை இல்லாவிட்டால் என்ன, நாம் அப்படி யோசிக்கலாமே. என் 42 கிலோமீட்டரில் ஓட்டுகிறவர் யோசித்து முடிவெடுக்க வேண்டிய இடங்கள் ஒன்பதுதான். மற்ற இடமெல்லாம் சும்மா மிதிக்க வேண்டியது. அந்த ஒன்பதை மட்டும் சரியாகச் சொல்லிவிட்டால் போதும்.

இப்போது அந்தச் சுற்றுக்கு நான் கொடுக்கும் குறிப்பிலிருந்து கொஞ்சம்:

"கடைசியாக ஓட்டியது போன மாதம் இரண்டாம் ஞாயிறு. காலை 5.30க்குக் கிளம்பினால் நல்லது, 7.30க்கு மேல் கடைசி எட்டு கி.மீ. பள்ளிப் பேருந்துகள். இடஞ்சுழியாக மட்டும். 4.1: சாய்ந்த மின்கம்பம் தெரிந்ததும் வலப்பக்கம் கை காட்டு, சுவர் முடிந்ததும் திரும்பு. 11.3: சின்னப் பாலம், பின்னால் பார்த்துவிட்டு நடுவுக்கு வா. 18: இதோடு போதும் என்று தோன்றினால் இங்கே இடப்பக்கம், தொடங்கிய இடத்துக்கு 9 கி.மீ., முழுக்கத் தார். 19 முதல் 22: ஜல்லி. 28க்குக் குறைந்த டயர் என்றால் வராதே, வந்தால் இரண்டு டியூப். 22க்கும் 31க்கும் நடுவில் தண்ணீர் கிடைக்காது, நிழலும் இல்லை."

இதில் எது முக்கியம் என்று கேட்டால் 18ஆவது கிலோமீட்டர் வரியைத்தான் சொல்வேன். பாதியில் விட்டுவிட்டுத் திரும்ப எங்கே வழி என்று தெரிந்தவர் தைரியமாகக் கிளம்புகிறார். அந்த வரியைச் சேர்த்த பிறகு அதைப் பயன்படுத்தித் திரும்பியவர்கள் இரண்டே பேர். ஆனால் முன்பு வரத் தயங்கிய ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள்.

ஜல்லிப் பகுதியை வரைபடத்திலும் திருத்திவிட்டேன். 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை யார் வேண்டுமானாலும் திருத்தலாம், சைக்கிள் செயலிகள் பலவும் அதிலிருந்துதான் ரோட்டை எடுத்துக்கொள்கின்றன. அந்த மூன்று கிலோமீட்டருக்கு ரோட்டின் மேற்பரப்பு தார் அல்ல என்று குறிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சில வாரத்தில் நான் பயன்படுத்தும் செயலியிலேயே அந்த இடம் வேறு நிறத்தில் தெரிந்தது. நாலு நண்பர்களுக்குச் சொல்வதைவிட இது மேல். நேரில் பார்த்ததை மட்டும் குறிக்க வேண்டும், அது முக்கியம்.

எல்லா வழியையும் எல்லோருக்கும் கொடுக்கலாமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. நீர்க்கரை ஓரமாக ஒரு ஒற்றை ரோடு இருந்தது. ஒரு வண்டி போனால் எதிரே சைக்கிள்கூட ஒதுங்கி நிற்க வேண்டும், அவ்வளவு குறுகல். ஆனால் விடியலில் அதைப் போல ஒரு இடம் கிடையாது. பெருமைக்குக் கொடுத்தேன். மூன்றே மாதத்தில் ஞாயிறு தோறும் முப்பது நாற்பது பேர். பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு, ஸ்பீக்கரில் பாட்டு, முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவருக்குக் கத்துவது. ஒரு நாள் ஒரு பெரியவர் வீட்டு வாசலிலிருந்து கையைக் காட்டி நிறுத்தினார். திட்டுவார் என்று நினைத்தேன். "ஏன்ப்பா, விடியக்காலையில இப்படிக் கத்திக்கிட்டுப் போறீங்க? உள்ளே கைக்குழந்தை தூங்குது" என்றார், அதுவும் மெதுவான குரலில். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

அந்தக் கோப்பை எடுத்துவிட்டேன். எடுத்து என்ன பயன், அதற்குள் பத்துக் கைகள் மாறியிருந்தது. இப்போது அந்த மாதிரிக் குறுகலான ரோடுகளை யாருக்கும் அனுப்புவதில்லை. வேண்டுமென்றால் கூட்டிக்கொண்டு போகிறேன், இரண்டு மூன்று பேராக, வீடுகள் வரும் இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு. சில நண்பர்கள் இதைக் கஞ்சத்தனம் என்கிறார்கள். இருக்கட்டும்.

இறக்கத்தில் யார் வேகம் என்று நேரம் பார்க்கும் போட்டிப் பகுதிகளைச் செயலியில் உருவாக்கி அனுப்புவதும் எனக்கு ஒப்பாது. ஏற்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் ஒன்றும் ஆகாது, மூச்சுதான் வாங்கும்.

போன மாதம் அக்கா எனக்கு ஒரு பாதை அனுப்பினார். அவரே கண்டுபிடித்தது, 36 கிலோமீட்டர். கோப்பு, குறிப்பு, திசை, தேதி, பாதியில் திரும்ப இரண்டு இடம், எல்லாம் இருந்தது. என்னுடையதைவிட நன்றாகவே எழுதியிருந்தார். தனியாகப் போனேன். 9.4இல் அவர் சொன்ன வேகத்தடை, பெயிண்ட் அடிக்காதது, சொன்ன இடத்திலேயே இருந்தது. 14இல் தண்ணீர்க் குழாய், "மூன்றாவது குழாய் மட்டும்தான் வரும்" என்று எழுதியிருந்தார், மூன்றாவதுதான் வந்தது.

27க்கு எதிரே இப்படி இருந்தது: "இடப்பக்கம் நீலக் கதவு வீடு. பழுப்பு நாய். அது பாட்டுக்குப் படுத்திருக்கும். அதன் முகத்தை மட்டும் பார்க்காதீர்கள்."

நீலக் கதவு வந்தது. நாய் படுத்துத்தான் இருந்தது. நான் பார்த்துத் தொலைத்தேன்.